பிஸ்டன்ஸ் ஜெயித்துவிட்டது, மச்சான்

செந்தூல், கோலாலம்பூர்
3.1.2024

அன்பு மச்சான்,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உன்னைக் கேட்டார். பட்டர்வொர்த் வீட்டில் சுகம்தானே?

ஞாயிறு காலை, 2023-இன் கடைசி நாள், என்.பி.ஏ. கூடைப்பந்தில் என் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் ஜெயித்தது. டொராண்டோவை 129-127. தொடர்ந்து 28 தோல்விக்குப் பிறகு! எங்கள் கேட் கன்னிங்ஹாம் எடுத்தது 30 புள்ளி; மற்றவர்கள் கூடை போடக் கொடுத்த பாஸ், அதாவது அசிஸ்ட், 12. கடைசி நிமிடத்தில் என்னால் உட்காரவே முடியவில்லை. நான் போட்ட சத்தத்தில் அக்கா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

உன் பதில் எனக்குத் தெரியும். "டொராண்டோ அன்றைக்குத்தான் தன் முக்கிய ஆட்டக்காரன் அனுனோபியை நியூயார்க் அணிக்குக் கொடுத்திருந்தது, ஆளில்லாத அணியைத்தான் ஜெயித்தீர்கள்" என்பாய். லேக்கர்ஸ் ரசிகன் வாய் அப்படித்தான் பேசும். 2004 இறுதிச்சுற்றில் உன் லேக்கர்ஸை நாங்கள் 4-1 என்று ஜெயித்தோம். வேறொன்றும் சொல்லமாட்டேன்.

ஆனால் அடுத்த ஆட்டத்திலேயே ஹியூஸ்டனிடம் மறுபடி தோல்வி. அதிலிருந்து மனசு ஆறவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

தோற்பது எனக்குப் பெரிதில்லை மச்சான். போன சீசனில் 17 வெற்றி, 65 தோல்வி. அதையும் பார்த்தவன்தானே நான். எங்கள் அணியில் கேட் கன்னிங்ஹாமுக்கு 22 வயது, ஐவிக்கு 21, ட்யூரனுக்கு 20. இந்த வயதுப் பையன்கள் தோற்றுத்தான் பழகவேண்டும். அவர்களைப் பழகவிடுகிறார்களா என்பதுதான் என் கேள்வி. ஐவி முதல் வருடமே சராசரி 16 புள்ளி எடுத்தவன். இந்த சீசன் தொடக்கத்தில் அவனைப் பெஞ்சில் வைத்துவிட்டு ஹேய்ஸை ஆரம்ப ஐவரில் இறக்கினார் கோச் மோன்டி வில்லியம்ஸ். ஆசார் தாம்சன் ஆரம்ப ஐவரில் இருந்தான், கூடையில் விழாமல் திரும்பும் பந்தை, ரீபவுண்டை, வாரி எடுத்தான். பிறகு அவனும் பெஞ்சுக்குப் போனான். தூரத்திலிருந்து எறியத் தெரியாதவர்களைச் சேர்த்து இறக்கினால் எதிரணி மொத்தமும் கூடையடியில் வந்து நிற்கும். கேட் எந்த வழியாக உள்ளே போவான்? அதற்குமேல், ஆரம்ப ஐவரை மொத்தமாக உட்காரவைத்துவிட்டு மாற்று ஆட்டக்காரர்களையே ஐந்து பேராக இறக்குகிறார். எடுத்த முன்னிலையெல்லாம் அந்தச் சில நிமிடங்களில் கரைகிறது.

மோன்டி வில்லியம்ஸ் லேசுப்பட்ட ஆளில்லை. 2021-இல் ஃபீனிக்ஸை இறுதிச்சுற்றுக்குக் கொண்டுபோனவர், 2022-இல் ஆண்டின் சிறந்த கோச். ஆறு வருட ஒப்பந்தம், 78.5 மில்லியன் டாலர் என்று செய்தி வந்தது. அதனால்தான் வயிறு எரிகிறது. தெரியாத ஆள் செய்தால் விட்டுவிடலாம்.

போஸ்டன் ஆட்டம் பார்த்தாயா? வேலையிடத்தில் மேசைக்கடியில் போனை வைத்துப் பார்த்தேன். பாதி ஆட்டத்தில் 19 புள்ளி முன்னிலை! கடைசியில் கூடுதல் நேரத்தில் 128-122 என்று தோற்றோம். அதற்கு முந்தைய புரூக்ளின் ஆட்டத்தில் கேட் 41 புள்ளி எடுத்தும் தோல்வி; அதோடு தொடர்ந்து 27 தோல்வி. ஒரே சீசனில் தொடர்ந்து அத்தனை தோல்வி என்.பி.ஏ. வரலாற்றிலேயே இல்லை. முடிந்ததும் அந்தப் பையன் முகத்தைப் பார்த்தேன். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

இதை ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்றால், அக்கா மகன். படிவம் 3 போகப்போகிறான், பள்ளிக் கூடைப்பந்து அணியில் கார்ட், பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவன். நவம்பரில் அவன் ஆட்டத்துக்குப் போயிருந்தேன். ஒரு பாஸ் தவறினால் போதும், பயிற்சி ஆசிரியர் உடனே வெளியே எடுத்துவிடுகிறார். இப்போது பந்து கைக்கு வந்தாலே பையன் முதலில் பெஞ்சைத்தான் திரும்பிப் பார்க்கிறான். எறிய இடமிருந்தும் எறிவதில்லை. நம் வீட்டு வாசலில் எப்படி ஆடுவான், நீயே பார்த்திருக்கிறாய். வீட்டுக்கு வரும்வரை காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. "மாமா, நான் நின்னுடவா?" என்று ராத்திரி கேட்டான். எனக்குப் பேச்சே வரவில்லை.

நீ அவனோடு போனில் பேசு மச்சான். நான் சொன்னால் மாமா ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைப்பான். நீ மாநிலத்துக்கு ஆடியவன், உன் பேச்சு எடுபடும். தைப்பூசத்துக்கு நீ பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலை விட்டு வரமாட்டாய், தெரியும். அது முடிந்த வாரம் இங்கே வா. அவனைக் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் கோர்ட்டுக்குப் போவோம். ஐவியைப் பெஞ்சில் வைத்தது சரிதான் என்று நீ வாதாடுவதானால் அதையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம்.

உன்
மச்சான்