கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து அக்காவுக்கு

அக்கா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, திட்டாதே. கல்யாண சீசன், செட்டியார் தெரு நகைக்கடைகளில் நிற்க இடமில்லை. கடை முடிந்து 100ஆம் நம்பர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு அறைக்கு வந்தால் பேனா பிடிக்கக் கை வராது. சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்று அம்மாவிடம் சொல். காலையில் பாண் (நம் ஊர் பிரெட்தான்), பருப்பு, சம்பல். வீட்டுக்கார அக்கா சில நாள் புட்டும் சொதியும் மேலே கொடுத்தனுப்புவார். முதல் தடவை சொதியை ரசம் என்று நினைத்துக் கை நிறைய ஊற்றிக்கொண்டேன், வாயில் வைத்தால் தேங்காய்ப்பால்.

பெரியவன் படிக்காமல் எந்நேரமும் டீமன் ஸ்லேயர் என்கிற ஜப்பான் கார்ட்டூன் பார்க்கிறான், பழக்கிவிட்டவன் நீதான் என்று எழுதியிருக்கிறாய். பாதி ஒப்புக்கொள்கிறேன். நான் பிரவுசிங் சென்டரில் பென் டிரைவில் ஏற்றி வந்து பார்த்தது நருட்டோ. அப்பா அம்மா இல்லாத பையன், ஊரே ஒதுக்கி வைக்கும், அவனோ இந்த ஊருக்கே ஒருநாள் தலைவனாவேன் என்று கத்திக்கொண்டு திரிவான். கணக்கில் இருபத்தெட்டு மார்க் வாங்கினவனுக்கு வேறு யாரைப் பிடிக்கும்?

எங்கள் வீட்டுக்காரருக்கு அவன் அழுமூஞ்சி. நாற்பது தாண்டிய மனிதர், மொட்டைமாடியில் துணி காயப்போட வந்தால் பிடித்துக்கொள்வார். அவருக்கு டிராகன் பால் கோகுதான். 2024 மார்ச்சில் கோகுவை வரைந்த தொரியாமா இறந்த செய்தி வந்த அன்று கடையைப் பூட்டிவிட்டாராம். நான் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் சொன்னார், 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டுச் சனமெல்லாம் நடந்து வெளியேறியபோது அவருக்குப் பதின்மூன்று வயது. கோகுவும் கைக்குழந்தையாக வேறு கிரகத்திலிருந்து வந்து விழுந்தவன், அந்தக் கிரகம் வெடித்தே போய்விட்டது. “அவனுக்குத் திரும்பிப் போக ஊரே இல்லைத் தம்பி. எண்டாலும் அழேல்லை. சாப்பிட்டான், சண்டை பிடிச்சான்.”

உன் பையனின் டீமன் ஸ்லேயர் நாயகன் தஞ்சிரோ வேறு ரகம். கரி விற்கிற வீட்டு மூத்த பிள்ளை. குடும்பத்தைப் பறிகொடுத்து, பேயாக மாறிய தங்கையைப் பெட்டியில் வைத்து முதுகில் சுமந்துகொண்டு நடக்கிறான், தான் வெட்டிய பேய்க்கும் சேர்த்து வருத்தப்படுகிறான். எங்கள் செட்டில் இவனை ஒருவனும் சீண்டியிருக்க மாட்டான். உனக்கு ஏன்டா இவனைப் பிடிக்கிறது என்று போனில் கேட்டேன். “அவன் பாப்பாவ விட்டுட்டுப் போகல மாமா” என்றான். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தண்டவாளத்தை ஒட்டிக் கடற்கரையில் நடந்தேன். எதிரே நம் ஊர் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்காரரிடம் சொன்னால், அது மேற்கு, நேரே போனால் மாலைத்தீவுதான் வரும், இந்தியா வடக்கே என்கிறார்.

சரி, பாப்பா காதுகுத்து. ஆவணியில் வேண்டாம், தையில் வைப்போம். தோட்டுக்காகச் சொல்லவில்லை, நகைக்கடையில் இருக்கிறவனுக்கு அது ஒரு விஷயமா. லீவுதான் கிடைக்காது, தாய்மாமன் மடி இல்லாமல் எப்படி? மாமாவிடம் பக்குவமாகச் சொல். இந்த மாசம் பணம் கொஞ்சம் குறைவாக வரும், அடுத்த மாசம் சேர்த்து அனுப்புகிறேன், அம்மாவிடம் சொல்லாதே.

பாப்பாவுக்கு வெள்ளைக்கல்லா, சிவப்புக்கல்லா, கேட்டு எழுது. பெரியவன் கணக்கு மார்க்கையும்.

உன் தம்பி