பர்ரன் பக்கம் போகும் நம்மவர்களுக்கு

விடுமுறை விட்டால் கார் எடுத்துக்கொண்டு கிளேர் மாவட்டத்தின் பர்ரன் என்ற பாறை நிலத்துப் பக்கம் கிளம்பும் அயர்லாந்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு, வணக்கம்.

புல்னப்ரோன் கல்திட்டையை, அதாவது நட்ட கற்கள்மேல் பலகைக்கல் வைத்த அந்தப் பழங்காலக் கல்லறையை, பார்த்துவிட்டு வரும்போது நாம் அடுக்கிவைத்துவிட்டு வருகிறோமே, குட்டிக் கற்குவியல்கள், அவற்றைப் பற்றித்தான் இந்த மடல். எல்லா நாட்டுக்காரர்களும்தான் அடுக்குகிறார்கள். ஆனால் நான் தமிழில் திட்டினால் உங்களுக்குத்தானே புரியும்!

நான் மட்டும் யோக்கியமில்லை. முதல் தடவை போனபோது நானும் மகளும் சேர்ந்து ஒன்று கட்டினோம். மூன்று கல், மேலே பலகை மாதிரி ஒரு கல். படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பியாயிற்று. மாடு பார்க்க வந்த பெரியவர் ஒருவர், கோபப்படாமல், அந்தப் பலகைக்கல்லை எங்கிருந்து எடுத்தோம் என்று கேட்டார். அவருடைய சுவரிலிருந்துதான். அங்கே வயல் சுவர்களுக்குச் சாந்து கிடையாது. கல்மேல் கல் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒன்றை உருவினால் பக்கத்துக் கல்லும் ஆட்டம் காணும். அப்புறம் மாடு ரோட்டுக்கு வந்துவிடும்.

கல்திட்டை இருக்கும் 'காரன்' என்ற ஊர் வட்டாரம் முழுக்க வெறும் பாறை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சுமார் 33 கோடி ஆண்டுகளுக்கு முன் வெதுவெதுப்பான கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல் அது. பனியாறுகள் மேலே இருந்ததை வழித்துக்கொண்டு போக, மழை கல்லைக் கரைத்துப் பிளவு பிளவாக்கியது. குனிந்து ஒரு பிளவுக்குள் பாருங்கள்: காற்றுக்கு ஒதுங்கிய ஈரத்தில் பெரணிச் செடிகள் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் கல் விளிம்புகளில் ஜென்ஷியன் பூக்கும், பேனா மை நீலத்தில். மாட்டைக் குளிர்காலத்தில் மேட்டுக்கு ஏற்றுவது இந்த ஊர் வழக்கம். கோடைச் சூட்டைக் கல் பிடித்துவைத்திருக்கும், தரையும் சேறாகாது. அந்த மாடுகள் முற்றிய புல்லைத் தின்று தீர்ப்பதால்தான் வசந்தத்தில் பூவுக்கு வெளிச்சம் கிடைக்கிறது. சுவர் சரிந்தால் பூவுக்கும் கேடுதான்.

கல்திட்டைக்கு வருகிறேன். புல்னப்ரோன் என்ற பெயருக்கு 'சோகக் குழி' என்று பலர் பொருள் சொல்கிறார்கள். ஐரிஷ் மொழியில் 'ப்ரோ' என்றால் திருகைக்கல். 'திருகைக்கல் குழி' என்பதே சரி. ஆனால் உள்ளே இருந்தது சோகம்தான். 1985-இல் நிலைக்கல் ஒன்றில் விரிசல் கண்டார்கள். சீர்செய்யும் சாக்கில் 1986-இல் தோண்டியபோது முப்பதுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. அதில் ஒன்று ஆறு மாதம்போல இருந்த ஆண் குழந்தை. அவனுக்கு டவுன் சிண்ட்ரோம் இருந்ததை 2020-இல் மரபணு ஆய்வு சொன்னது. தாய்ப்பால் குடித்திருக்கிறான். சுமார் 5,500 ஆண்டுகளுக்கு முன் அவனையும் மற்றவர்களோடு சேர்த்து அங்கே வைத்திருக்கிறார்கள்.

அவன் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் நானும் மகளும் பொம்மைக் கல்லறை கட்டி விளையாடியிருக்கிறோம்.

பிள்ளைகளுக்குக் கை துறுதுறுத்தால் காரன் ஊருக்கே கூட்டிப்போங்கள். 1884-இல் ஜி.ஏ.ஏ. என்ற ஐரிஷ் விளையாட்டுச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான மைக்கேல் கியூசாக் பிறந்த வீடு அங்கே இருக்கிறது. மட்டையும் பந்துமாக ஹர்லிங் என்ற ஐரிஷ் விளையாட்டை ஆடும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பக்கத்திலேயே ஒரு ஏரி. மழைக்காலத்தில் தரைக்கு அடியிலிருந்து தண்ணீர் ஏறிவந்து நிற்கும், பிறகு தரைக்குள்ளேயே இறங்கிவிடும். கோடையில் மாடு மேய்கிற இடத்தைக் காட்டி, இதுதான் ஏரி என்று சொல்லுங்கள். என் மகள் இன்னும் நம்பவில்லை.

அன்புடன்,
ஒரு கல்லைத் திரும்பச் சுவரில் வைத்தவன்