எனர்வேட்டுக்கு ஏன் டிக் அடித்தாய்?

அன்புள்ள மதி,

தீபாவளிக்கு வந்தபோது விட்டுவிட்டுப் போன நோட்டை, வெளிநாட்டு மேற்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இ பரீட்சைக்கு நீ வைத்திருக்கும் நோட்டை, கூரியரில் அனுப்பச் சொன்னாய். அனுப்புகிறேன். அதற்குள் இரண்டு நாள் வைத்துப் படித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

பக்கத்துக்கு முப்பது ஆங்கில வார்த்தை, எதிரே ஒற்றை வரி அர்த்தம். 'எனர்வேட்' என்பதற்கு 'உற்சாகப்படுத்து' என்று எழுதி, பச்சை மையில் டிக் வேறு! எனர்ஜி மாதிரி ஒலிப்பதால் ஏமாந்திருப்பாய். அர்த்தம் நேர் எதிர். லத்தீனில் 'நெர்வுஸ்' என்றால் தசைநாண். அதை உருவிவிட்டால் உடம்பு என்ன ஆகும்? சித்திரை மத்தியானம் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி, திண்ணையில் அப்படியே சரிவோமே, அதுதான் எனர்வேட்.

நான் மட்டும் என்ன ஒழுங்கு? 1987-இல் எங்கள் பேங்க் மேனேஜருக்குப் பிரிவுபசார விழா. ஆங்கில வாழ்த்து மடல் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. பழைய அகராதி ஒன்றில் 'இக்ரீஜஸ்' என்பதற்குத் 'தலைசிறந்த' என்று போட்டிருந்தது. 'இக்ரீஜஸ் சர்வீஸ்' என்று எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தும் ஆயிற்று. மந்தையிலிருந்து தனித்து நிற்பது என்பது அதன் லத்தீன் வேர். ஒரு காலத்தில் பாராட்டுதான். இப்போதோ மோசத்தில் தனித்து நிற்பதற்குத்தான் சொல்கிறார்கள். சாப்பாட்டுப் பந்தியில் ஆடிட்டர் காதோடு காதாகச் சொன்னபோது எனக்கு ரசம் இறங்கவில்லை. மேனேஜர் அதைக் கூடத்தில் மாட்டினாரா என்று இன்றுவரை விசாரிக்கவில்லை.

அகராதி பொய் சொல்லவில்லை. அந்தச் சொல் இன்று யாரோடு சேர்ந்து திரிகிறது என்று நான்தான் பார்க்கவில்லை. அதனால் அர்த்தத்துக்குப் பக்கத்தில் ஒரு வாக்கியமும் எழுது. பரீட்சையிலும் எதிர்ச்சொல் கேள்விகளை 2011-லேயே எடுத்துவிட்டார்கள். இப்போது சொல்லைக் கேட்பது பெரும்பாலும் வாக்கியத்தில் கோடிட்ட இடமாகத்தானே வருகிறது? 'சாங்ஷன்' என்றால் எனக்கு லோன் சாங்ஷன்தான், அனுமதி. பேப்பரில் ஒரு நாட்டின் மேல் சாங்ஷன் என்று வந்தால் அது தடை. வாக்கியம் இல்லாமல் எது என்று எப்படிச் சொல்வாய்?

இன்னொன்று. 'பரையா: ஒதுக்கப்பட்டவர்' என்று எழுதி அதற்கும் டிக் அடித்திருக்கிறாய். கட்டுமரத்தையும் சுருட்டையும் போல, ஆங்கிலம் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்ட சொல் அது. பறையர் என்ற பெயர்தான். ஒரு சாதிக்கு நாம் செய்த கொடுமையை அந்தப் பெயருக்கே அர்த்தமாக்கி வைத்திருக்கிறார்கள். இந்த நோட்டில் என் கண் நின்ற இடம் இதுதான். பரீட்சைக்குத் தெரிந்துகொள். நீயாக எழுதும்போது வேறு சொல் போடு.

அப்புறம், பழைய கல்யாணப் பத்திரிகைகளை அம்மா அட்டை அட்டையாகக் கத்தரித்து வைத்திருக்கிறாள், இருநூறு இருக்கும். வெற்றுப் பக்கத்தில் எழுது. ஐந்து அறை உள்ள ஸ்வீட் பாக்ஸும் வைத்திருக்கிறேன். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகட்டும், தப்பானது முதல் அறைக்கே திரும்பட்டும். முதல் அறையைத் தினமும் பார், கடைசி அறையை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். இக்ரீஜஸ் அட்டையை நானே எழுதிவிட்டேன்.

பார்சலைப் பார்த்துப் பிரி. அட்டைகளுக்கு அடியில் பருப்புப்பொடி டப்பா இருக்கிறது, மூடி கொஞ்சம் லூஸ்.

அன்புடன்,
அப்பா