18-ஆம் சங்கீதத்தின் நெருப்பு

அன்பு ராஜன்,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்றதும் நிம்மதி. இங்கே பெரியவள் வேலை மாற்றலாகி கோவைக்குப் போய்விட்டாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது, வாசிக்க நேரம் தாராளம்.

பைபிளின் பாட்டுத் தொகுப்பான சங்கீதங்களில் கடவுளின் கோபம் மனதுக்கு ஒட்டவில்லை என்று எழுதியிருந்தாயே, 18-ஆம் சங்கீதத்தை இன்னொரு தடவை எடுத்துப் பார். சாவின் கட்டுகள் சுற்றிக்கொள்ள, ஓர் ஆள் கூப்பிடுகிறான். அவ்வளவுதான். பூமி அதிர்கிறது. கடவுளின் நாசியிலிருந்து புகை, வாயிலிருந்து நெருப்பு. வானத்தைத் தாழ்த்தி, கேருபீன் என்னும் சிறகுள்ள வானவன்மேல் ஏறி, காற்றின் செட்டைகளில் பறந்து வருகிறார். கல்மழையோடு நெருப்புத்தழல் கொட்டுகிறது. கடலின் அடித்தரையே வெளியே தெரிகிறது. இத்தனை அமர்க்களமும் எதற்கு? வெள்ளத்தில் தத்தளிக்கிற ஒரே ஒருவனைத் தூக்கிவிட! அந்தக் கோபம் கூப்பிட்டவன்மேல் இல்லையப்பா, அவனை நெருக்குகிறவர்கள்மேல்.

இந்தப் புயல் கோலம் அந்த வட்டாரத்துக்கே பழகியதுதான். சிரியக் கடற்கரையில் உகாரித் என்ற பழங்கால நகரை 1929 முதல் தோண்டியபோது கிடைத்த களிமண் பலகைகளில், மேகத்தின்மேல் ஏறிவரும் புயல் தெய்வமான பாகால், கடல் தெய்வமான யாமோடு மோதுகிறான். அங்கே சண்டை அரியணைக்கு. எபிரெயக் கவிஞனோ அதே இடியையும் மின்னலையும் ஒரு மனிதனின் கூக்குரலுக்குப் பதிலாக இறக்குகிறான். துணிச்சல்காரன்!

ஆனால் உன் உறுத்தலைத் தள்ளிவிடவும் முடியாது. 41-ஆம் வசனத்துக்கு வா. எதிரிகளும் கூப்பிடுகிறார்கள், கர்த்தரையே கூப்பிடுகிறார்கள்; பதில் இல்லை. அடுத்த வசனத்தில் பாடுகிறவன் அவர்களைக் காற்றில் பறக்கும் தூளாக இடித்துப்போடுகிறான். இதே பாட்டு பைபிளின் இன்னொரு புத்தகமான 2 சாமுவேலின் 22-ஆம் அதிகாரத்திலும் இருக்கிறது. அங்கே அவர்கள் கூப்பிடவில்லை, நோக்கிப் பார்க்கிறார்கள். பதில் அங்கேயும் கிடையாது. எனக்கு நெருப்பைவிட இந்த மௌனம்தான் பயமாக இருக்கிறது.

சரி, ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகத்தில் 3-ஆம் அதிகாரத்தையும் படித்துவிட்டு எழுது. அதிலும் மலைகள் நடுங்குகின்றன, கடல் கொந்தளிக்கிறது. ஆனால் அந்த ஆள், கோபத்திலும் இரக்கத்தை நினைத்தருளும் என்று ஆரம்பத்திலேயே கேட்டுவைத்துவிடுகிறான். உனக்கு அவனைப் பிடிக்கும். அப்புறம், டிசம்பரில் வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல், மாடி அறையைச் சுத்தம் செய்யச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
தேவசகாயம்