யங்கூனுக்கு மசாலா அனுப்புமுன்

பினாங்கு

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கிள்ளானிலேயே வேலை அமைந்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

யங்கூன்காரர் உன் மசாலாத்தூளுக்கு ஏஜென்சி கேட்கிறார் என்று எழுதியிருந்தாய். சரக்கு நன்றாகவே போகும். எனக்குக் கவலையெல்லாம் உன் பிராண்டு பெயரை நினைத்துத்தான். மியன்மாரின் புதிய வர்த்தக முத்திரைச் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. முன்பு உரிமைப் பிரகடனத்தைப் பதிந்து, பத்திரிகையில் எச்சரிக்கை விளம்பரம் கொடுப்பார்கள். இப்போது முதலில் விண்ணப்பித்தவருக்கே பெயர். ஏஜென்ட் முந்திக்கொண்டால், அவர் எண்ணம் கெட்டது என்று நீ நிரூபித்து மீட்க வேண்டும். 2021 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு அங்கே வெளிநாட்டான் வழக்காடுவது லேசுப்பட்ட காரியமா?

மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவில் செய்த பதிவு அங்கே செல்லாது. ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் முத்திரை பதிய உதவும் மாட்ரிட் முறையில் மலேசியா 2019-இல் சேர்ந்தது; மியன்மார் சேரவில்லை. ஆகவே அங்குள்ள பிரதிநிதி வழியாக நேரடியாக விண்ணப்பி. அவர் ஏஜென்டின் ஆளாக இருக்கவே கூடாது. முத்திரைப் பதிவுக்கான சரக்கு வகைப்பாட்டில் மசாலா 30-ஆம் வகுப்பு. ரோமன் எழுத்து, பர்மிய எழுத்து, பாக்கெட் படம் என்று மூன்று விண்ணப்பமாகப் போடு. கடையில் வாய்விட்டுக் கேட்பது பர்மியப் பெயரைத்தான். களவு போவதும் அதுதான்.

தூளை அவர் அங்கேயே தயாரித்து உனக்கு ராயல்டி (பெயருக்கான பங்குத்தொகை) தருவதானால், பக்குவத்தைக் காக்க ஒரு வழி உண்டு. மல்லி, மிளகாய், மஞ்சள் அங்கேயே அரைக்கட்டும். பட்டை, கிராம்பு, ஏலம், சோம்பு வறுத்தரைத்த கலவையை மட்டும் ஒரு கிலோ பொட்டலமாக இங்கிருந்து அனுப்பு. 20 கிலோ தூளுக்கு ஒரு பொட்டலம் என்றால், போன பொட்டலங்களை எண்ணியே ராயல்டி கணக்கைச் சரிபார்த்துவிடலாம். லேபிளில் சேர்மானங்களின் பெயர் வந்தாக வேண்டும். வறுக்கும் பதம் உன்னோடு இருக்கட்டும்.

கடனுக்கு மட்டும் அனுப்பாதே. 2022 ஏப்ரலில் அந்நாட்டு மத்திய வங்கி, வந்த டாலரை ஒரே வேலைநாளுக்குள் உள்ளூர்ப் பணமான கியாட்டாக மாற்றச் சொன்னது. அக்டோபரில், கறுப்புப் பண நடமாட்டத்தைக் கண்காணிக்கும் சர்வதேச அமைப்பான எஃப்ஏடிஎஃப்பின் கறுப்புப் பட்டியலில் நாடு விழுந்தது. கொடுக்க மனமிருந்தும் பணம் வந்து சேராது. பாதித் தொகை முன்பணம், மீதி கப்பல் ரசீது நகலைக் காட்டியதும் என்று பேசு.

அரசியல் அபாயக் காப்புறுதி பற்றிக் கேட்டாய். பறிமுதல், போர், பணத்தை வெளியே எடுக்க முடியாத நிலை இவற்றுக்குத்தான் அது. ஏஜென்ட் உன் பிராண்டு பெயரைச் சுருட்டினால் ஒரு காசும் வராது.

ஒப்பந்த வரைவைக் கையெழுத்துக்கு முன் எனக்கு அனுப்பு. உணவு இறக்குமதி அனுமதி யார் பெயரில் என்ற பத்தியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அது ஏஜென்ட் பெயரில் இருந்தால், விலகும்போது மாற்றித் தரும் கடமையையும் அதிலேயே எழுதியாக வேண்டும்.

அன்புடன்,
முரளி