யார் செய்தார் என்பதைச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளி நெருங்கினால் எங்கள் கோவைத் தொழிற்சாலைகளில் போனஸ் பேச்சு தொடங்கிவிடும். எத்தனை சதவீதம், எந்தத் தேதிக்குள், வாங்கிய முன்பணத்தைக் கழிப்பார்களா என்பதே இரண்டு மூன்று வாரங்களுக்குக் கேண்டீனில் பேச்சாக இருக்கும். போனஸ் முதலாளியின் தயவு அன்று, குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம் என்று சட்டம் வரையறுத்துத் தந்த உரிமை அது. ஆனால் போனஸும் இனிப்புப் பெட்டியும் கொடுத்துவிட்டதாலேயே தொழிலாளியைப் பாராட்டியாகிவிட்டது என்று நிர்வாகங்கள் நம்புவதுதான் என்னை இக்கடிதம் எழுத வைத்தது. நேர்த்தியாக வேலை செய்பவருக்கும் ஏனோதானோவென்று செய்பவருக்கும் ஒரே சதவீதத்தில் கிடைப்பது போனஸ். அப்படித்தான் கிடைக்கவும் வேண்டும். பாராட்டு வேறு. இந்த வேலையை இன்னார் இப்படிச் செய்தார் என்று அறிந்து, அவர் பெயரைச் சொல்லி, நாலு பேர் கேட்கச் சொல்வது அது. தகுதி அறிந்து மதிப்பதற்கு ‘வரிசையறிதல்’ என்று நம் பழந்தமிழில் தனிச்சொல்லே உண்டு.

நான் பம்ப் உறுப்புகளை வார்க்கும் ஓர் ஆலையில் 34 ஆண்டுகள் பணியாற்றி ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன். ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்த காலத்தில், ஓர் இரவு, உருகிய இரும்பை ஊற்றத் தயாராக இருந்த நேரத்தில், மணலால் வார்ப்பு அச்சு செய்யும் மூத்த மோல்டர் ஒருவர் ஒரு கை மணலோடு என்னிடம் வந்தார். உள்ளங்கையில் அதை இறுக்கிப் பிடித்து, விரித்துக் காட்டினார். பதமான மணல் என்றால் அதில் விரல் தடம் பதிந்து, உடைத்தால் இரண்டு துண்டாகச் சுத்தமாகப் பிரியும். இது கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. “ஈரம் சாஸ்தியா இருக்குதுங்க சார். இதுல ஊத்துனா ஓட்டை விழுந்துருமுங்க” என்றார். ஷிஃப்ட் தொடக்கத்தில் எடுத்த ஈரப்பத அளவு சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் அவர் முகத்தைப் பார்த்து அந்த வரிசை அச்சுகளை நிறுத்தினேன். போய்ப் பார்த்தால், மணல் கலக்கும் இயந்திரத்தின் தண்ணீர் வால்வு முழுதும் மூடாமல் கசிந்துகொண்டிருந்தது.

இத்தொழிலை அறியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். மணலில் ஈரம் மிகுந்தால் கொதிக்கும் இரும்பு பட்டவுடன் அது ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் வார்ப்புக்குள் குமிழியாகத் தங்கிவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. லேத்தில் ஏற்றிக் கடையும்போதோ, கடைசியில் தண்ணீர் அழுத்தம் கொடுத்துச் சோதிக்கும்போதோதான் ஓட்டை வெளிப்படும். அதற்குள் இரும்பு, மின்சாரம், கடைசல் கூலி எல்லாம் போயிருக்கும். அத்தனையையும் அன்றிரவு காத்தது ஒருவரின் உள்ளங்கை.

மறுநாள் காலை ஷிஃப்ட் அறிக்கையில் நான் எழுதியது இது: “மணலில் ஈரம் கூடுதல், வார்ப்பு நிறுத்தப்பட்டது.” யார் கண்டுபிடித்தார் என்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. திங்கட்கிழமை உற்பத்திக் கூட்டத்தில் மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் என்னைப் பாராட்டினார். நான் வாய் திறக்கவில்லை. ஒன்றிரண்டு மாதம் கழித்து அதே கோளாறில் ஒரு லாட் முழுவதும் ரிஜெக்ட் ஆனபோது, அன்று வேலையில் இருந்த அதே மோல்டரிடம் கவனிக்கவில்லையா என்று கேட்டேன். “கவனிச்சனுங்க. ஆபீஸ்ல பார்த்துக்குவாங்கன்னு இருந்துட்டனுங்க” என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கண்ணும் கையும் முன்போலவே வேலை செய்துகொண்டிருந்தன. சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டார், அதற்குக் காரணம் நான்.

பின்னாளில் ஒரு பயிற்சி வகுப்பில்தான் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளரைப் பற்றி அறிந்தேன். பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் சுமார் 200 பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும் விசாரித்து அவரும் குழுவினரும் 1959-இல் வெளியிட்ட ஆய்வில், வேலையில் நிறைவு தந்த தருணங்களாக அதிகம் பேர் சொன்னவை, ஒன்றைச் சாதித்ததும் அது அங்கீகரிக்கப்பட்டதும்தான். சம்பளத்தை அவர் மனக்குறை வராமல் தடுக்கும் காரணியாகவே வகைப்படுத்தினார். இதைத் தவறாகப் புரிந்துகொண்டு, கூலியைக் குறைத்துவிட்டுக் கைதட்டலால் ஈடுகட்டலாம் என்று எண்ணுபவர்களும் உண்டு. நியாயமான கூலி தராத இடத்தில் பாராட்டு ஏமாற்று வேலை. தொழிலாளிக்கு அது உடனே தெரிந்தும் விடும்.

ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் 1951-லேயே தொழிலாளர் யோசனைத் திட்டத்தைத் தொடங்கியது. நம் நாட்டில் பெல் (BHEL) நிறுவனத்தின் ஐதராபாத் ஆலையில் 1980-இல் தர வட்டங்கள் தொடங்கின. இயந்திரத்தின் முன் நிற்பவர்களே குழுவாக உட்கார்ந்து கோளாறுக்குத் தீர்வு கண்டு, அதை நிர்வாகத்தின் முன் தாங்களே எடுத்துரைப்பது அந்த முறை. அதன் சிறப்பே இந்தக் கடைசிப் பகுதியில்தான் இருக்கிறது என்பேன். இடையில் ஒரு சூப்பர்வைசர் புகுந்து பெயரை விழுங்கிவிட முடியாது. யோசனை சொல்லும் தொழிலாளர்களுக்கென்றே மத்திய அரசு 1965-இல் ‘ஷ்ரம் வீர்’ என்ற விருதை ஏற்படுத்தி, பின்னர் அதற்கு ‘விஸ்வகர்மா ராஷ்ட்ரீய புரஸ்கார்’ என்று பெயரிட்டது. எங்கள் ஆலை அறிவிப்புப் பலகையில் 34 ஆண்டுகளில் ஒருமுறைகூட அதற்கான அறிவிப்பை நான் கண்டதில்லை.

நம் ஆலைகளில் பாராட்டே இல்லை என்று சொல்லவில்லை. ‘இம்மாதத்தின் சிறந்த ஊழியர்’ என்று படம் மாட்டுகிறார்கள். ஆனால் இம்மாதம் மோல்டிங், அடுத்த மாதம் அசெம்பிளி என்று முறை வைத்துச் சுற்றி வருவதால், அடுத்த படம் எந்தப் பிரிவிலிருந்து வரும் என்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். ஓய்வு பெறும் நாளில் சால்வை போர்த்தி, ‘நீண்ட காலம் உழைத்தார்’ என்கிறார்கள். என்ன உழைத்தார் என்று யாரும் சொல்வதில்லை. அந்த மோல்டரின் வழியனுப்பு விழாவில் மைக்கைப் பிடித்து நான் அன்றிரவு நடந்ததைச் சொன்னேன். கீழே உட்கார்ந்திருந்த அவர் மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தார். வீட்டில்கூட அவர் அதைச் சொன்னதில்லை போலும். கூட்டம் முடிந்ததும் அந்த மோல்டர் என் கையைப் பிடித்து, “அப்பவே சொல்லியிருக்கலாமுங்க சார்” என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

இன்று நிலைமை இன்னும் மோசம். வார்ப்பாலைகளின் கடினமான வேலைகளில் பெரும்பகுதியை ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களே செய்கிறார்கள். அவர்களை ‘இந்திக்காரப் பசங்க’ என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறோம். பெயர் ஒப்பந்ததாரரின் பதிவேட்டில் இருக்கிறது. ஷாப் ஃப்ளோரில் யாருக்கும் தெரியாது. யோசனைப் பெட்டி இருந்தால் அதில் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதிப்போட வேண்டும். சிறந்த ஊழியர் பட்டியலில் நிரந்தரத் தொழிலாளர்கள் மட்டுமே வருகிறார்கள். மணலை நாள் முழுவதும் கையால் அளைபவர் இன்று அந்த ஒப்பந்தத் தொழிலாளிதான் என்னும்போது, அந்தக் கை சொல்வதைக் கேட்க நம்மிடம் என்ன ஏற்பாடு இருக்கிறது?

கொடிசியா போன்ற தொழில் அமைப்புகள் தம் உறுப்பினர்களுக்கு இரண்டு விஷயங்களைப் பரிந்துரைக்க வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். ஷிஃப்ட் அறிக்கையில் ‘கோளாறைக் கண்டறிந்தவர்’ என்று ஒரு கட்டம் சேர்த்து, அதில் நிரந்தரத் தொழிலாளியானாலும் ஒப்பந்தத் தொழிலாளியானாலும் பெயரை எழுதுவதைக் கட்டாயமாக்கட்டும். மாதாந்திர ரிஜெக்ஷன் கூட்டத்தில் அந்தப் பெயர்களைப் படித்து, அதற்குரியவர்களை ஒரு பத்து நிமிடமாவது அங்கே உட்காரவைத்து, கண்டதை அவர்கள் மொழியிலேயே சொல்லச் செய்யட்டும். மொழிபெயர்க்க உடன் வேலை செய்பவர் ஒருவர் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வார்ப்பாலை ஃபோர்மேன்,
கோயம்புத்தூர்.