டிம் சம் விலை ஏறுது, ருசி எங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். சிங்கப்பூர்ல ஞாயித்துக்கிழமை காலைல குடும்பத்தோட டிம் சம், அதான் சின்னச் சின்னதா வர்ற சீனப் பலகாரங்க, சாப்பிடப் போறது நம்மாளுங்க வீட்லயும் பழக்கமாயிடுச்சு, ஆனா இப்ப பில்லைப் பாத்தாலே வயிறு எரியுது. மெனுல 100 வெள்ளின்னா (சிங்கப்பூர் டாலர்) அதுக்கு 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதையும் சேத்து 9 சதவீதம் ஜிஎஸ்டி, கடைசில 119.90 வெள்ளி, இதுல நாம கேக்காமயே மேசைல வைக்கிற வேர்க்கடலைக்கும் ஈரத் துண்டுக்கும் பல கடைங்கள்ல தனிக் காசு.

சரி குடுக்குறோம், பண்டம் நல்லா இருக்கணும்ல? போன வாரம் நாங்க போன கடைல ஹார் காவ், அதான் அந்த இறால் கொழுக்கட்டை, குச்சில எடுத்ததுமே தோல் கிழிஞ்சு பாதி மூங்கில் கூடைலயே ஒட்டிக்கிச்சு, உள்ள இறாலும் கொழகொழன்னு. அந்தத் தோல் மெல்லிசா உள்ள இருக்குற இறாலோட நிறம் தெரியுற மாதிரி இருக்கணும், கடிச்சா இறால் நறுக்குன்னு இருக்கணும், அதுக்குத்தானே அந்த விலை!

ஃப்ரோசன்ல வாங்கி ஆவில சூடு பண்ணித் தர்ற கடைங்க அதை மெனுலயே எழுதணும், கடலை துண்டு காசையும் உக்காரும்போதே சொல்லிடணும். எங்க பேட்டை காப்பிக்கடைல கையால மடிச்சு சுடச்சுடத் தர்றாங்க, விலையும் கம்மி, நாங்க இனிமே அங்கதான்.

– ஒரு வாசகர், ஈசூன்